“அப்படியே அதையும் பாத்துருங்க”: சில்லறை வேலைக்கு எவ்வளவு கேக்கறது, எப்பக் கேக்கறது? (சேலம், ஏசி – கீசர் சர்வீஸ்)

#1 அஞ்சுரோட்டான்

ஏசி, கீசர் ரெண்டும் பாக்கற ரெண்டு ஆள் டீம்களுக்கான கேள்வி இது. எந்த வேலைக்குக் கூப்பிட்டாங்களோ அதுக்கு ரேட் எல்லார்கிட்டயும் இருக்கு. டூல் பேக் ஜிப்பை இழுக்கும்போதுதான் மத்தது ஆரம்பிக்கும். “தம்பி, அந்த ரூம் ஃபேன் மெதுவாச் சுத்துது, அப்படியே பாத்துருங்க.” “ஸ்டெபிலைசரை ஒரு அடி மேல ஏத்தி மாட்டிடுங்க.” “ஏசி டிரெயின் பைப் தண்ணி பக்கத்து வீட்டு சுவத்துல விழுதுன்னு சண்டைக்கு வர்றாங்க, பின்பக்கம் கொண்டு போயிடுங்க.” “கீசர்ல ஏதோ சொட்டுது, ஒரு நிமிஷம்.”

வேலையை முடிச்சிட்டுக் காசு சொன்னா முகம் மாறுது. முன்னாடியே சொன்னா “இதுக்குமா?”ங்கறாங்க. எதைச் சும்மா செய்யலாம், எதுக்கு வாங்கணும்? ரேட் அட்டை அடிச்சு வெச்சிருக்கவங்க எதையெல்லாம் அதுல எழுதினீங்கன்னு சொன்னா உதவியா இருக்கும்.

#2 குகை வயர்மேன்

முதல்ல நம்ம ஒரு மணி நேரம் என்ன விலைன்னு தெரிஞ்சுக்கணும். பாதிப் பேருக்கு அதுவே தெரியாது. உதாரணக் கணக்கு ஒண்ணு போடறேன், உங்க எண்ணை வெச்சு மாத்திக்கோங்க. மெக்கானிக் 20,000, ஹெல்ப்பர் 15,000, கடை வாடகை 7,000, பெட்ரோல் 5,000, டூல் தேய்மானம், போன், சில்லறைச் செலவு 5,000. மாசம் 52,000. 26 நாளுக்கு வகுத்தா ஒரு நாளைக்கு 2,000. எட்டு மணி நேரத்துல சாரதா காலேஜ் ரோட்டு டிராஃபிக், டீ, பார்ட்ஸ் கடை, “வீடு எங்கங்க”ன்னு போன், இதுக்கே மூணு மணி நேரம் போயிடும். காசு வர்ற நேரம் அஞ்சே மணி நேரம். அப்ப ஒரு மணிக்கு 400. லாபம் இன்னும் சேக்கலை.

இப்ப அந்த ஃபேனுக்கு வருவோம். மெதுவாச் சுத்துதுன்னா பெரும்பாலும் கண்டன்சர் (கெபாசிட்டர்) கோளாறு. 48 இஞ்சு ஃபேனுக்கு 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்), சில மாடலுக்கு 3.15. வாய்ல சொன்னா “அஞ்சு நிமிஷம்”. கையால செஞ்சா கட்டிலை நகத்தணும், ஏணி கேக்கணும், எம்சிபியை (மெயின் பாக்ஸ் ட்ரிப் ஸ்விட்ச்) இறக்கி டெஸ்டர் வெச்சுப் பாக்கணும், கேனப்பியை (ஃபேன் ராடு மேல இருக்கற மூடி) தளர்த்தணும், ரெண்டு லீடை வெட்டி புதுசைச் சேத்து மூடணும், ரெகுலேட்டர்ல ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் ஓட்டிக் காட்டணும், மெத்தை மேல விழுந்த தூசியைத் தட்டணும். 25 நிமிஷம். மணிக்கு 400ன்னா அடக்கமே 167. கண்டன்சர் விலை தனி. 200க்குக் கம்மியா சொன்னா நம்ம கைக்காசு போகுது.

வேலை அதோட முடியாது. கேனப்பியை இறக்கினதும் ஃபேன் தொங்கற டவுன்ராடு போல்ட் கழலாம புடிக்கற ஸ்ப்ளிட் பின் இல்லைன்னு தெரியும், இல்லன்னா பழைய ஒயர் இன்சுலேஷன் தொட்டதும் உதிரும். பாத்தப்புறம் அப்படியே விட்டுட்டு வர முடியாது. பிஎல்டிசி ஃபேனா (கரண்ட் கம்மியா எடுக்கற புது வகை) இருந்தா இந்த மாதிரி மாத்தற கண்டன்சரே கிடையாது, போர்டுதான். அதைப் பிரிக்காதீங்க, கம்பெனிக்கு எழுதச் சொல்லுங்க.

#3 கொண்டலாம்பட்டிக்காரன்

அண்ணா, கணக்கு சரிதான். ஆனா எங்க பக்கம் வாஷர் மாத்த நூறு கேட்டா அடுத்த தடவை போன் வராது. தறிக்காரங்க வீடு, பட்டறைக்காரங்க வீடு. ஒரே தெருவுல பத்து வீடு நமக்கு. ஒரு வீட்ல “காசு புடுங்கறான்”னு பேர் வந்தா பத்தும் போச்சு.

இன்னொண்ணு. மணிக்கு 400ங்கறதுல பெட்ரோலும் டிராஃபிக்கும் சேந்திருக்கு. அதைத்தான் ஏசி சர்வீஸ் காசுல ஏற்கெனவே வாங்கிட்டோமே? நிக்கற இடத்துலயே நின்னு செய்யற 25 நிமிஷத்துக்கு அதே ரேட் எப்படி வரும்?

நாங்க பாக்கறது ரெண்டே விஷயம். ஏணி எடுக்கணுமா? மெயினை இறக்கணுமா? ரெண்டும் இல்லைன்னா சும்மா. ரிமோட் பேட்டரி, ஃபில்டர் கழுவ சொல்லிக் குடுக்கறது, டைமர் செட் பண்றது, ஸ்விங் நின்ன லூவரைத் திருப்பி மாட்டறது, பிளக் டாப் ஸ்க்ரூவை முறுக்கறது, ஹோஸ் நட்டை ஒரு திருகு இறுக்கறது. இதுக்கெல்லாம் காசு கேக்கறவன் தொழில்ல ரொம்ப நாள் நிக்க மாட்டான்.

#4 குகை வயர்மேன்

நிக்கற இடத்துல செய்யறதுதானேங்கற கேள்விக்கு பதில் மாசத்தைப் பொறுத்தது. ஏப்ரல், மே மாசத்துல அந்த 25 நிமிஷத்துக்கு இன்னொரு வீடு காத்துக்கிட்டு இருக்கும். நாலு வீட்ல இப்படி நின்னா அஞ்சாவது வீடு நாளைக்குன்னு தள்ளும், அந்தக் காசு போச்சு. நவம்பர்ல காத்துக்கிட்டு யாரும் இல்ல, அப்ப உங்க கணக்கு சரி.

ஆனா நவம்பர்ல சும்மா செஞ்சு குடுத்த வீடு ஏப்ரல்ல காசு குடுக்காது. “போன தடவ வாங்கலையே”ன்னு வரும். அதனால ரேட்டை எப்பவும் சொல்லிடணும். வேலை இல்லாத மாசத்துல, 200 போட்டு, 100 கழிச்சு, 100 வாங்கிக்கலாம். கழிச்சது பில்லுல தெரியணும்.

#5 பிரேசிங் ராடு

நேரக் கணக்கு மட்டும் பாத்தா போதாதுங்க. தொட்டது எதுவோ அது நம்ம தலைல. சில்லறை வேலைக்குக் காசு வாங்கறதே அதுக்குத்தான்னு நினைக்கறேன். 15 நிமிஷத்துக்கு 150 சின்னக் காசு. மறுநாள் “நீங்க தொட்டீங்க, அப்புறந்தான் இப்படி ஆச்சு”ன்னு ஒரு போன் வந்தா அதுக்கு ஒரு டிரிப் போகுது.

டிரெயினை எடுத்துக்கோங்க. “பின்பக்கம் கொண்டு போயிடுங்க, அஞ்சு மீட்டர் பைப்தான்.” அந்த சுருள் ஹோஸையே அஞ்சு மீட்டர் படுக்கையா இழுத்தா நடுவுல தொய்வு விழும். தொய்வுல தண்ணி நிக்கும், பாசி புடிக்கும், ரெண்டு மாசத்துல அடைக்கும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டர் வாக்குல தண்ணி விடும். அது போக வழி இல்லைன்னா டிரேல நிரம்பி உள்ள சுவத்துல வழியும், பெயிண்ட் உப்பும். அந்தப் பெயிண்டுக்கு யார் பொறுப்பு? செய்யறதா இருந்தா முக்கால் இஞ்சு, இல்லன்னா ஒரு இஞ்சு பிவிசி ரிஜிட் பைப், ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் சரிவு, 60 – 75 சென்டிமீட்டருக்கு ஒரு கிளாம்ப். கடைசி முனை பக்கெட் தண்ணிக்குள்ள முங்கக்கூடாது. முங்கினா காத்து அடைச்சுக்கிட்டு தண்ணி திரும்பும். டாய்லெட் கழிவு லைன்ல நேரா சேத்துட்டா ரூமுக்குள்ள நாத்தம் வரும், டிராப் (தண்ணி நின்னு நாத்தத்தைத் தடுக்கற வளைவு) இல்லாம சேக்கவே கூடாது. முடிச்சதும் இண்டோர் டிரேல ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி எல்லாம் வெளிய வருதான்னு வீட்டுக்காரங்க முன்னாடியே காட்டணும். இதைச் சில்லறைன்னு எப்படிச் சொல்றது? மீட்டருக்கு ரேட் போட்டு தனி வேலையா எழுதுங்க. சரிவு கிடைக்காத இடம்னா எவ்வளவு குடுத்தாலும் வேணாம்னு சொல்லிடுங்க.

அதே மாதிரி “அவுட்டோரை (ஏசியோட வெளிப் பொட்டி) ரெண்டு அடி தள்ளி வைங்க.” காப்பர் பைப்ல சுருள் மிச்சம் இருந்தா நட்டைத் தொடாம நகத்தலாம், அதுவும் மெதுவா. பழைய பைப் இறுகிப் போயிருக்கும், அவசரமா வளைச்சா மடியும். மிச்சம் இல்லைன்னா முழு வேலை. கேஸை அவுட்டோருக்குள்ளயே அடைக்க, கூலிங்ல ஓட விட்டு (இன்வெர்ட்டர் ஏசின்னா கட்டாயக் கூலிங் மோடுல) மெல்லிசு பைப் வால்வை மூடணும், கேஜ் முள் பூஜ்யத்துக்கிட்ட வந்ததும் தடிச்ச பைப் வால்வை மூடி உடனே ஆஃப் பண்ணணும். லேட் பண்ணிட்டாலோ எங்கயாச்சும் லீக் இருந்தாலோ காத்தை இழுக்கும். காத்தும் ஆயிலும் கம்ப்ரெஸர்ல ஒண்ணா அமுங்கினா வெடிக்கக்கூட செய்யும், விளையாட்டு இல்ல. அப்புறம் ஃபிளேரை (நட்டுக்குள்ள உக்கார்ற விரிச்ச பைப் முனை) வெட்டிப் புதுசாப் போடணும். கால் இஞ்சு நட்டுக்கு 14 – 18 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்கு 50 – 60. ஸ்பேனர்ல “நல்லா” இறுக்கறேன்னு இறுக்கினா ஃபிளேர் மெலிஞ்சு ஆறு மாசத்துல கசியும். பைப்ல இருக்கற காத்தையும் ஈரத்தையும் எடுக்க வேக்கம் 500 மைக்ரான் வரைக்கும் இழுத்து, பம்பை நிறுத்திப் பத்து நிமிஷம் முள்ளு நிக்குதான்னு பாத்துட்டுத்தான் வால்வைத் திறக்கணும். மொத்தம் ஒன்றரை, ரெண்டு மணி நேரம். வாய்ல “ரெண்டு அடி”.

#6 அடிவாரம் பிளம்பர்

கீசர் பக்கம் நான் சேத்துக்கறேன். “சும்மா கழட்டிப் பாருங்க”ங்கறது கீசர்ல கிடையாதுங்க. அடி ஃபிளேஞ்ச் (மூடித் தட்டு) போல்ட்டைக் கழட்டினா கேஸ்கட் (தண்ணி கசியாம தடுக்கற ரப்பர்) போச்சு. பழைய கேஸ்கட்டையே திருப்பிப் போட்டா அன்னைக்கு ஒழுகாது, ரெண்டு நாள் சூடாகி ஆறினதும் ஒழுகும், அதுவும் எலிமெண்ட் (தண்ணியைச் சூடாக்கற கம்பி) டெர்மினல் மேல. பாக்கறதுக்கே கேஸ்கட் காசு உண்டுன்னு முதல்லயே சொல்லிடணும். கழட்டிட்டா அப்படியே எலிமெண்டை சிட்ரிக் ஆசிட்ல போட்டுடுங்க, லிட்டருக்கு 50 – 100 கிராம், நுரை அடங்கற வரைக்கும். சுத்தியல்ல தட்டி சுண்ணாம்பை உதிர்க்கறவங்க இருக்காங்க, உறை விரிசல் விட்டா எர்த் லீக் ஆகி ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா ஆஃப் ஆகற ஸ்விட்ச்) ட்ரிப் ஆயிக்கிட்டே இருக்கும். போர் தண்ணி ஓடற வீடுன்னா மெக்னீசியம் ராடையும் (டேங்குக்குப் பதிலா அரிபடற கம்பி) அப்பவே பாத்துடணும். பென்சில் மாதிரி மெலிஞ்சிருந்தா மாத்துங்க, இல்லன்னா அடுத்து டேங்கே அரிக்கும்.

ரேட்டே கிடையாது, செய்யவே கூடாதுங்கற சில்லறை வேலையும் இருக்கு. மல்டி ஃபங்ஷன் வால்வுல (டேங்க் அழுத்தத்தை வெளிய விடற வால்வு) சூடாகும்போது சொட்டும். தண்ணி விரியுது, அந்த வழியாத்தான் வெளிய வரணும். “அந்த சொட்டை அடைச்சிடுங்க, பாத்ரூம் ஈரமா இருக்கு”ம்பாங்க. அடைச்சா டேங்க் அழுத்தம் போக வழி இல்ல. ஒரு சின்ன டியூப் மாட்டி டிரெயினுக்கு விட்டுக் குடுங்க, அடைக்காதீங்க. சூடு ஆறினப்புறமும் விடாம சொட்டினாத்தான் வால்வு கோளாறு. கட் அவுட் (சூடு மீறினா கரண்டை நிறுத்தறது) அடிக்கடி விழுது, நேரா சேத்துடுங்கன்னா முடியாது. எர்த் பின்னை ஒடிச்சு ரெண்டு பின்ல மாட்டுங்கன்னாலும் முடியாது.

டைல்ஸ்ல ஒரு ஓட்டை, ஒரே ஒரு டவல் ராடுன்னு கேப்பாங்க. ஹேமர் மோடுல ஆரம்பிச்சா டைல் கீறும். மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல் பிட் போட்டு, சாதா மோடுல மெதுவா டைல் தாண்டற வரைக்கும் போயிட்டு, அப்புறம்தான் ஹேமர். குழாய்க்கு நேர் மேல, நேர் கீழ போடாதீங்க, உள்ள லைன் போகும். விரிசல் விட்டா நாங்க பொறுப்பில்லன்னு முன்னாடியே சொல்லி, ஒரு ஓட்டைக்கு இவ்வளவுன்னு வாங்குங்க. அதே டிசைன் டைல் திரும்பக் கடைல கிடைக்காது.

#7 மலைமேல் மேனேஜர்

நான் எதிர்ப்பக்கம். ஏற்காட்டில் தங்கும் வீடுகளைக் கவனிக்கும் வேலை. வேலைக்குக் கூப்பிடுபவர்களின் பார்வையையும் கேளுங்கள்.

காசு கேட்பது எங்களுக்குப் பிரச்சினை இல்லை. மலை ஏறி வந்து, வேலை முடித்து, கிளம்பும்போது 600 என்று பேசியது 1,450 ஆனால் அதை உரிமையாளருக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது? கூடுதல் வேலையைத் தொடும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: “3ஆம் ரூம் கீசர் ஹோஸ் 24 இஞ்சு, வேலையோடு 350, செய்யலாமா?” நான் “சரி” என்று போட்டால் முடிந்தது. இருவர் கையிலும் சாட்சி இருக்கும்.

எங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கீசர் என்று கூப்பிட்டுவிட்டு ஆள் வந்ததும் ஒவ்வொரு அறையாகக் காட்டுவது இங்கே வழக்கம். அதை நிறுத்த வேண்டும். அறை காலியாகும் 11 மணிக்கே ஒருவர் எல்லா அறையிலும் குழாய், கீசர், ஃபேன், பிளக் பார்த்துப் பட்டியல் எழுதி, படத்தோடு முதல் நாளே அனுப்பினால் அவர்கள் ஸ்பேரோடு வருவார்கள். செவ்வாய், புதன், வியாழன் கூப்பிட்டால் அறையும் காலி, ஆளும் கிடைப்பார்.

ஒரு சந்தேகம். கோளாறே இல்லாமல் வந்து போனால் வருகைக் கட்டணம் நியாயமா? விருந்தினர் “கீசர் சூடாகவில்லை” என்பார், வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

#8 அடிவாரம் பிளம்பர்

நியாயம்தான் சார். ஆனா வர்றதுக்கு முன்னாடி போன்லயே தீக்கப் பாக்கணும். 15 லிட்டர், 2,000 வாட் கீசர். கீழ 25 டிகிரி தண்ணி 60 ஆக 18 நிமிஷம் போதும். மேல குளிர்ல தண்ணி 15 டிகிரின்னா 23 – 24 நிமிஷம். மலைல வோல்டேஜ் 200க்கு இறங்கிட்டா 2,000 வாட் 1,500 வாட் ஆயிடும், அப்ப 31 நிமிஷம். விருந்தாளி 15 நிமிஷத்துல குழாயைத் திறந்து “சூடு இல்ல”ம்பார். ஸ்விட்ச் மேல “30 நிமிஷம் முன்னாடி போடவும்”னு ஒட்டி வெச்சுட்டா பாதி போன் நின்னுடும். அதுக்கும் மேல கூப்பிட்டா இண்டிகேட்டர் எரியுதா, எம்சிபி மேல இருக்கா, பக்கத்து ரூம்ல சூடாகுதா, இந்த மூணையும் கேட்டுட்டு ஏறுங்க. அப்பவும் வரச் சொன்னா டிரிப் காசு குடுத்துத்தான் ஆகணும்.

டிரிப் காசு எப்படி வருதுன்னும் சொல்லிடறேன். கோரிமேடு தாண்டி 20 கொண்டை ஊசி ஏறி ஏற்காடு ஒண்டிக்கடை போய்ச் சேந்து, திரும்ப இறங்கறதுக்கு மழை இல்லாத நாள்லயே ரெண்டு, ரெண்டரை மணி நேரம். வயர்மேன் அண்ணன் கணக்குல ரெண்டரை மணிக்கு 1,000, மலைக்கு ஆகற பெட்ரோல் ஒரு 200. ஆக 1,200. வெள்ளக்கடை, நாகலூர் பக்கம் உள்ள போனா அதுக்கும் மேல. ஒரே நாள்ல மூணு வீடு சேத்தா வீட்டுக்கு 400 ஆயிடும், பக்கத்து ஹோம்ஸ்டேக்காரங்களோட பேசி ஒரே நாளா வெச்சுக்கோங்க. மே மாசக் கோடை விழா சமயத்துல மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, பைக்ல ஏறினாலும் நேரம் கைல இல்ல.

மேல போறவங்க பைல இருக்க வேண்டியது: அரை இஞ்சு வாஷர் ஒரு டஜன், டெஃப்லான் டேப் அஞ்சு, 18 இஞ்சு ஹோஸ் நாலு, 24 இஞ்சு ரெண்டு, ஆங்கிள் காக் ரெண்டு, மல்டி ஃபங்ஷன் வால்வு ஒண்ணு, 2,000 வாட் எலிமெண்ட் ஒண்ணு, ரெண்டு மூணு மாடல் கேஸ்கட், தெர்மோஸ்டாட், 16 ஆம்ப் பிளக் டாப், ஃபேன் கண்டன்சர் ரெண்டு அளவுலயும். அஞ்சு ரூபா வாஷர் இல்லாம கீழ இறங்கி ஏறினா அந்த டிரிப் யார் கணக்கு? நம்ம கணக்குதான், அதுக்கு வாடிக்கையாளர்கிட்ட கேக்கக்கூடாது.

#9 கொண்டலாம்பட்டிக்காரன்

வாட்ஸ்அப் மேனேஜருக்கு சரி. வீட்ல பெரியம்மா நிப்பாங்க, காபி குடுத்திருப்பாங்க, “நம்ம வீட்டுப் பையன் மாதிரி”ம்பாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் பல பேர் “பாத்துக் குடுங்கம்மா”ன்னுட்டு வர்றாங்க.

#10 பிரேசிங் ராடு

அந்த “பாத்துக் குடுங்க”தான் எல்லாத்துக்கும் வினை. அவங்க 50 குடுத்தா நமக்கு வயித்தெரிச்சல். 300 குடுத்தா அப்புறம் யாராச்சும் “நூறு ரூபா வேலை அது”ன்னு சொல்ல, அவங்களுக்கு வயித்தெரிச்சல். ரெண்டு பேருக்கும் கசப்பு.

சொல்ற விதம் ஒண்ணு இருக்கு. “செஞ்சிடலாம்மா. அது தனி வேலை, 200 ஆகும், கண்டன்சரோட 280. இப்பவே போட்டுடட்டுங்களா, இல்ல அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாமா?” முதல் வார்த்தை “செஞ்சிடலாம்”னு இருக்கணும். “அதுக்கு எக்ஸ்ட்ரா ஆகும்”னு ஆரம்பிச்சா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். பேக்கைத் தோள்ல மாட்டறதுக்கு முன்னாடி, ஏணியைக் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும். ஏணி மேல நின்னுக்கிட்டு ரேட் சொன்னா மிரட்டற மாதிரி ஆயிடும். “அடுத்த சர்வீஸ்ல”ன்னு ஒரு வழி விட்டா பெரியவங்களும் சங்கடப்படாம வேணாம்னு சொல்ல முடியும். காபி குடுத்ததுக்காகக் கழிக்கறதா இருந்தா கழிங்க, ஆனா ரேட்டைச் சொல்லிட்டுக் கழிங்க.

இன்னொண்ணு, வீட்டுக்குள்ள போனதும் நம்மளே கேட்டுடணும்: “ஏசி தவிர வேற ஏதாச்சும் பாக்கணுங்களாம்மா? இப்பவே சொன்னா நேரம் ஒதுக்கிக்குவோம்.” கடைசி நிமிஷத்துல வர்றது பாதிக்கு மேல ஆரம்பத்துலயே வந்துடும். ஏணி ஒரு தடவை எடுத்தா போதும், மெயின் ஒரு தடவை இறக்கினா போதும்.

#11 கணக்கு636

பில் விஷயம் ஒன்று. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாததால் ஜிஎஸ்டி பதிவு எடுக்காதவர், பில்லில் வரி என்று ஒரு ரூபாய்கூடப் போடக்கூடாது. “18 சதவீதம் சேர்த்து” என்று வாயால் சொல்லி வாங்குவதும் தவறு. பதிவு உள்ளவர்கள் சில்லறை வேலையையும் அதே பில்லில் ஏற்ற வேண்டும். பெரிய வேலைக்குப் பில், சின்ன வேலைக்குக் கைக்காசு என்று பிரித்தால் மாதக் கடைசியில் ஸ்பேர் கணக்கு ஒட்டாது.

ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எழுதுபவர்கள் “எல்லா சர்வீஸும் உள்ளடக்கம்” என்று எழுதாதீர்கள். என்ன உண்டு என்பதை எண்ணிச் சொல்லுங்கள்: ஆண்டுக்கு 3 முறை சுத்தம், இரண்டு அவசர வருகை, கேஸ் இல்லை, பிசிபி (மின்னணு போர்டு) இல்லை, சிவில் வேலை இல்லை, ஏசி தவிர வேறு கருவி இல்லை. கடைசி வரிதான் ஃபேன் தகராறைத் தடுக்கும்.

சும்மா செய்த வேலையையும் பில்லில் “ரிமோட் செட்டிங் – 0” என்று எழுதலாம் என்பது என் யோசனை. செய்தது தெரியும்.

#12 கொண்டலாம்பட்டிக்காரன்

பூஜ்யம் போடறது குத்திக் காட்டற மாதிரி இருக்குதுங்க சார். சும்மா செஞ்சா செஞ்சதாவே இருக்கட்டும், கல்யாண மொய் நோட்டா இது? வேணும்னா 200 போட்டு 200 கழிச்சுக் காட்டுங்க, அதுவும் காசு வாங்கற வகை வேலைன்னா மட்டும்.

#13 குகை வயர்மேன்

கொண்டலாம்பட்டியார் சொல்றதுதான் சரி. ரேட் உள்ள வேலைக்கு மட்டும் தள்ளுபடி தெரியட்டும்.

எல்லாரும் விட்டது, பையன்களோட கை. முதலாளி ரேட் அட்டை அடிச்சு வெச்சாலும் சில்லறை வேலை பையன் பாக்கெட்டுக்குத்தான் போகுது. வாடிக்கையாளரும் “ஓனருக்குத் தெரிய வேணாம், இந்தா 100”ம்பாங்க. கண்டன்சர் கடை ஸ்டாக்லருந்து போகும், காசு வராது, ரிப்பேர் ஆச்சுன்னா போன் மட்டும் கடைக்கு வரும். அதட்டிப் பிரயோசனம் இல்ல. கூலில பாதி பையனுக்கு, ஸ்பேர் முழுசாக் கடைக்கு, காசு கடை யுபிஐல மட்டும்னு வெச்சா அடங்கும். ஆனா பாதி குடுக்கறோம்னதும் இல்லாத கோளாறைக் கண்டுபுடிக்க ஆரம்பிப்பான், அதுக்கும் ஒரு கடிவாளம் வேணும். வாடிக்கையாளர் கேட்டதுக்கு மட்டும்தான் பங்கு. பையனா எடுத்துச் சொன்ன வேலைக்குப் பங்கு கிடையாது, கழட்டின ஸ்பேரை அவங்க கைலயே குடுத்துட்டு வரணும்.

#14 அஞ்சுரோட்டான்

எல்லாருக்கும் நன்றி. அட்டைல எழுதப் போறது இது. ஏணியும் மெயினும் தேவைப்படாத வேலை சும்மா. மத்ததுக்கு முதல் 30 நிமிஷம் 200, அதுக்கு மேல ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் 100, ஸ்பேர் தனி. டிரெயின் நீட்டறது மீட்டர் கணக்கு. டைல்ஸ் ஓட்டை எண்ணிக்கைக் கணக்கு. அவுட்டோர் நகத்தறது, கீசர் பிரிக்கறது தனி வேலை, தனி நேரம். மலைக்கு டிரிப் 1,200, அன்னைக்கு எத்தனை வீடோ அத்தனையா வகுத்து.

ஒண்ணு மட்டும் பாக்கி. “வந்ததும் வந்தீங்க, கொஞ்சம் கேஸ் மட்டும் போட்டுடுங்க”. இதை எதுல சேக்கறது?

#15 பிரேசிங் ராடு

எதுலயும் சேக்காதீங்க தம்பி. கேஸ் செலவாகற பொருள் இல்ல. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை. முதல்ல ஃபில்டரும் காயிலும் கழுவிட்டு கூலிங் பாருங்க. காத்து வர்ற கிரில்லுக்கும் போற கிரில்லுக்கும் 10 – 12 டிகிரி வித்தியாசம் வந்தா கேஸ் சரியா இருக்கு, பேச்சே இல்ல. வரலைன்னா மெல்லிசு பைப் நட்டுல பனி கட்டியிருக்கா, ஃபிளேர்ல ஆயில் கசிவு தெரியுதான்னு பாக்கணும். அப்புறம் நைட்ரஜன் 300 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு ஏத்தி சோப்பு நுரை வெச்சு ஓட்டையைக் கண்டுபுடிச்சு, அடைச்சு, வேக்கம் இழுத்து, பேர்ப் பலகைல போட்டிருக்கற கிராமைத் தராசுல வெச்சு ஏத்தணும். ஆர்-32 எரியற கேஸ், மூடின ரூம்ல திறந்து விட்டுட்டு டார்ச் பத்த வெச்சுடாதீங்க. காப்பர் பைப் கம்பெனி அளவை விட நீளமாப் போயிருந்தா மீட்டருக்கு 20 கிராம் வாக்குல கேஸ் கூடுதலா வேணும், அது மாடல் புத்தகத்துல இருக்கும். கேஜ் முள்ளைப் பாத்து “கொஞ்சம்” தட்டி விட்டா ஒரு மாசத்துல அதே வீட்லருந்து அதே போன் வரும்.

அட்டைல ஏணி வரில ஒரு திருத்தம்: வீட்டு ஏணி எட்டாத சீலிங், 10 அடிக்கு மேலன்னா, 200க்குள்ள வராதுன்னு போடுங்க. பழைய செவ்வாய்ப்பேட்டை வீடுகள்ல ஃபேன் எல்லாம் 12, 13 அடில தொங்குது. அதுக்கு ஏ டைப் ஏணி வாடகைக்கு எடுக்கணும், புடிக்க இன்னொரு ஆளும் வேணும்.